ஊசி தானாக நின்ற ஞாயிறு

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். இது கட்டுக்கதை இல்லை. கதை கட்டுவதென்றால் என்னைக் கொஞ்சமாவது நல்லவனாகக் காட்டியிருக்க மாட்டேனா?

கிராஃபீன் என்பது ஒரே ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள். வெள்ளி பூசிய ஊசியை அதன்மேல் முட்டாமல் இறக்கி, லேசர் அடித்து, புள்ளி புள்ளியாகப் படம் எடுப்பதுதான் எங்கள் லேபில் வேலை. ஊசியை இறக்கவே அரை மணி நேரம் ஆகும். அதில் கைதேர்ந்தவர் என் சீனியர். எல்லோருக்கும் அவர் 'பொறுமையக்கா'.

ஒருநாள் அக்காவின் லாகினிலேயே உட்கார்ந்து, ஊசியின் வேகத்தைக் கூட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஊசி தாளைக் குத்திக் கிழித்திருந்தது. பதிவில் அக்காவின் பெயர். நான் வாயே திறக்கவில்லை. அக்காவின் வேலை போயிற்று. அவருடைய லாகினையும் அன்றே அழித்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மதியம். லிஃப்ட் ஓடாது, அதிர்வு இருக்காது என்று தனியாக வந்தேன். 2.05க்கு ஊசியை இறக்கத் தொடங்கினேன். எனக்குத்தான் சூடு சொரணை கிடையாதே... மறுபடியும் வேகத்தைக் கூட்டினேன்.

2.17. 'டிக்.'

ஊசி நின்றது. நான் எதையும் தொடவில்லை.

திரையில், நிறுத்தியவர் என்ற இடத்தில்... அக்காவின் பெயர்.

இன்னும் ஒரு நொடி ஓடியிருந்தால் குத்தியிருக்கும்.

லேசர் பட்டுச் சிதறிய ஒளியின் நிறமாலையைப் பார்த்தேன்; என்ன பொருள் என்பதை அதன் சிகரங்களே காட்டிக்கொடுக்கும். கிராஃபீனுக்குப் பெரிய சிகரங்கள் இரண்டுதான். இங்கே இருபதுக்கு மேல்! என்ன பொருள் என்று கணினியில் தேடினேன்.

மயக்க மருந்து.

எங்கள் லேபில் அது கிடையாது.

முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

மெல்ல... இன்னும் மெல்ல...

நின்றது.

செவ்வாய்க்கிழமை அக்காவின் கணவர் போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமை அவளுக்கு ஆபரேஷன் தம்பி. மயக்க மருந்து குடுத்தாங்க. முழிக்கவே இல்ல."

"எத்தன மணிக்குண்ணே குடுத்தாங்க?"

"ரெண்டு பதினேழுக்கு. சீட்டுல இருக்கு."

போனை மறு காதுக்கு மாற்றினேன். அவரே தொடர்ந்தார்.

"உள்ள கொண்டு போறப்ப என்னமோ சொன்னா தம்பி. 'அந்த அவசரக்குடுக்கை மறுபடியும் ஊசியக் குத்தப் போறான், ஓடிப் போய் நிறுத்திட்டு வந்துடறேன்'னா. யாரு தம்பி அது?"

"தெரியலண்ணே" என்றேன்.