தகட்டுக்குப் போட்ட கையெழுத்து

என் வலது மேற்கை எலும்பில் ஒரு தகடும் ஏழு திருகாணிகளும் இருக்கின்றன. கல்யாணத்துக்கு முன்னால் அதைக் கழற்றிவிடச் சொன்னவர்கள் ஏராளம். கழற்றவில்லை. தழும்பு தெரியாமல் நீளக் கை வைத்து ரவிக்கை தைக்கச் சொன்னார்கள். அதையும் கேட்கவில்லை.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா துபாயில் இருந்தார். பெரம்பலூரிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்த எங்கள் கூட்டுக் குடும்பத்தில் பெரியப்பா ராஜ்யம்தான். வெங்காயத்தை என்றைக்கு விற்பது என்பது முதல் என் சடைக்கு என்ன நிற ரிப்பன் என்பது வரை அவர்தான் முடிவு செய்வார். வயல்காட்டில் வெங்காயத்தைச் சேமித்து வைக்கப் பட்டறை போட்டிருந்தார். மூங்கில் படலுக்குள் சின்ன வெங்காயத்தைக் கொட்டி, மேலே கீற்று வேய்ந்தது. பொட்டப்பிள்ளை அதில் ஏறக் கூடாது என்றார். ஏறினேன். கீற்று சறுக்கிவிட்டது. விழுந்த சத்தம் கேட்டு ஓடி வந்தவர், முதலில் பட்டறையைத்தான் சுற்றிப் பார்த்தார்.

எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அரை டஜன் நாட்டுக்கோழி முட்டையோடு கட்டுப் போடுகிறவரிடம் போவோம். அவர் முட்டை வெள்ளையில் உளுந்து மாவைக் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். இருபத்தோரு நாளைக்குள் அவிழ்த்தால் கை விளங்காது என்றார். மூன்றாம் நாள் காலையில் என் மணிக்கட்டு தொங்கியது. எவ்வளவு முக்கியும் தூக்க வரவில்லை. விரல்களையும் விரிக்க முடியவில்லை.

"பரிச்சைக்கு டிமிக்கி குடுக்குது கழுத" என்றார் பெரியப்பா.

அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. பல்லால் துணியை இழுத்துப் பிடித்து, இடது கையில் கத்தரிக்கோலை எடுத்துக் கட்டை அறுத்துப் போட்டேன். வீடே கூச்சல் போட்டது. அம்மா மட்டும் தொங்கிய கையைக் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தாள். பழைய புடவையைக் கிழித்துக் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டி, என்னைப் பெரம்பலூர் பஸ்ஸில் ஏற்றினாள். பெரியப்பா மொபெட்டில் பின்னாலேயே வந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். எலும்பு இரண்டாகி ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றது. "பக்கத்துல போற நரம்பு மாட்டியிருக்கும் போல. தொறந்து பாத்து, அத வெலக்கி விட்டுட்டு, தகடு வெச்சு முடுக்கணும். தள்ளிப் போடாதீங்கம்மா" என்றார்.

"பொம்பளப் புள்ள கையில கத்தி வெச்சா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று பெரியப்பா எகிறினார்.

"தொங்குற கைய மட்டும் எவன் புடிப்பான்?" என்றேன் நான். நர்ஸ் அக்கா சிரித்துவிட்டார்.

சம்மதப் படிவம் வந்தது. எங்கள் வீட்டில் கையெழுத்து என்றால் பெரியப்பாவுடையதுதான். என் ரேங்க் கார்டில்கூட அவர்தான் போடுவார். இப்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் போடாவிட்டால் ஆபரேஷன் கிடையாது என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

"நான் போடலாங்களா சார்?" என்று அம்மா கேட்டாள்.

"பெத்தவங்க போட்டாப் போதும்மா."

"போட்டுட்டு அப்பறம் நம்ம வூட்டுப் பக்கம் வந்துடாத" என்றார் பெரியப்பா, சத்தமே இல்லாமல்.

அம்மா போட்டாள். எழுத்து கோணிக்கொண்டு கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. "நான் எடது கையில இதவிட நல்லா எழுதுவேம்மா" என்றேன். அம்மாவும் சிரித்தாள்.

நாலு மாதத்தில் என் மணிக்கட்டு நிமிர்ந்தது. நாங்கள் ஊருக்குத் திரும்பவில்லை. பெரம்பலூரில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். செக்கப்புக்குப் பக்கம் என்றாள் அம்மா, நம்பினேன். அப்பா போன் பண்ணாததற்கு, அங்கே வேலை அதிகம் என்றாள், அதையும் நம்பினேன். பெரியப்பாவை எதிர்த்து ஜெயித்தது நான்தான் என்று புதுப் பள்ளிக்கூடத்தில் தழும்பைக் காட்டிக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

அம்மா எட்டாவது படித்தவள். மளிகைச் சீட்டைக்கூட முத்து முத்தாக எழுதுவாள். அன்றைக்கு மட்டும் எழுத்து ஏன் கோணியது என்று நான் கேட்கவே இல்லை.