வாசனை என்று எழுதினேன்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் சமுதாயக் கூடத்தில் ஒரு மீட்டிங். கூடம் நிறைய ஆட்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். எதற்குத் தெரியுமா? நான் எழுதியதைக் கேட்டு!

எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்...

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் கம்பெனி. அவர்களுடைய கழிவுத் தண்ணீர் டேங்க் மதிலை ஒட்டித் திறந்தே கிடக்கிறது. விடிகாலையில் மேற்கேயிருந்து காற்று அடித்தால் போதும், அத்தனையும் எங்கள் அடுப்படிக்குள் வந்துவிடும்.

எங்களுக்குப் பழகிவிட்டது. பக்கத்து வீட்டு மல்லிகாவின் மகள் செல்விக்குப் பழகவில்லை. மாதவரத்தில் வாழ்க்கைப்பட்ட பெண். ஏழாம் மாதம் வளையல் போட்டுத் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். வந்த மறுநாளே ஆரம்பித்தது வாந்தி. இட்லி நிற்கவில்லை, கஞ்சி நிற்கவில்லை, வெறும் தண்ணீர்கூட நிற்கவில்லை.

மல்லிகா சும்மா இருப்பாளா? கம்பெனி கேட்டில் போய் நின்றாள். "அந்த டேங்குக்கு ஒரு மூடி போடு நைனா! எம் பொண்ணு புள்ள பெத்துக்கினு போற வரைக்குமாச்சும் போடு!"

கம்பெனியும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டது. ஊர்க்காரர்களோடு பழகுவதற்கென்றே அங்கே ஒரு ஆபீசர் இருக்கிறார். ஆமாம், பழகுவதற்குச் சம்பளம்! அவரே தெருவுக்கு வந்தார். என் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். டீ குடித்தார். கையில் ஒரு நோட்டு. அட்டையில் 'நம்ம ஊர் – நம்ம உறவு'. உள்ளே தேதி, நேரம், 'என்ன உணர்ந்தீர்கள்?' என்று கட்டம் போட்டிருந்தது.

"ஒரு மாசம் நீங்களே எழுதுங்கம்மா. உங்க வார்த்தையிலயே எழுதுங்க. அதை வெச்சுத்தான் மூடி போடறதைப் பத்தி முடிவு பண்ணுவோம்."

மல்லிகாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். அவள்தான் என்னைக் கை காட்டினாள். "இந்த அக்கா பேப்பர்லயே எழுதுது சார். இதாண்ட குடு."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அஞ்சாம் கிளாஸோடு நின்றவளுக்கு ஆபீசர் கையால் நோட்டு!

தினமும் குண்டு குண்டாக எழுதினேன். 'காலை ஆறு மணி. வாசனை வந்தது. அரை மணி நேரம் இருந்தது. நன்றி.'

ஏன் வாசனை? மதிலுக்குப் பின்னாலிருந்து வருவது மல்லிகைப்பூவா, சாம்பிராணியா? அழுகின முட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றின மாதிரி ஒன்று. அதற்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது. பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத்தான் கை வரவில்லை.

இருபது வருஷத்துக்கு மேல் மீன் கூடை சுமந்தவள் நான். காசிமேட்டில் மீன் எடுத்து, பஸ் ஏறி, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் விற்றிருக்கிறேன். "நாறுது, எறங்கு" – இதைக் கண்டக்டர் வாயால் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! பக்கத்து சீட்டுப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்புவாள். அன்றைக்கே தீர்மானம். அந்த வார்த்தையை நான் யாரையும் பார்த்துச் சொல்ல மாட்டேன். என் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போன பிள்ளையைப் பார்த்து எப்படிச் சொல்வது?

வாடை என்றாவது எழுதியிருக்கலாம். அதுகூட எழுதவில்லை. ஒருநாள் மட்டும் துணிந்து 'பலமான வாசனை' என்று எழுதினேன். அன்று செல்வி கிணற்றடியிலேயே சுருண்டு படுத்துவிட்டாள். நன்றி போடுவதை மட்டும் அன்றும் மறக்கவில்லை.

மல்லிகா தினமும் கேட்பாள். "எழுதிட்டியாக்கா?"

"எழுதிட்டேன் மல்லிகா."

பொய்யா சொன்னேன்?

மீட்டிங்குக்கு வருகிறேன். ஆபீசர் என் கையெழுத்தைப் பெரிய ஸ்க்ரீனில் போட்டார். எனக்குப் பெருமை வேறு! அவர் வாய்விட்டுப் படித்தார். வாசனை வந்தது, நன்றி... வாசனை வந்தது, நன்றி...

பின் வரிசையிலிருந்து ஒருத்தன் கத்தினான். "இன்னாடா, ஊதுவத்தி கம்பெனியா நடத்துறானுங்க?"

அப்போதுதான் அந்தச் சிரிப்பு.

ஆபீசர் சிரிக்கவில்லை. "உங்க ஏரியா அம்மாவே எழுதினது. ஒரு மாசத்துல ஒரு இடத்துலகூட நாற்றம்னு இல்லை. அதனால மூடி இப்போதைக்குத் தேவைப்படலை. மதில் ஓரமா மரக்கன்று நட்டுத் தர்றோம்."

மல்லிகா எழுந்துவிட்டாள். "ஐயே, அது மருவாதிக்கு எழுதுனது நைனா!"

"எழுத்துல இருக்கறதைத்தாம்மா நான் மேலே அனுப்ப முடியும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "யக்கா, எந்திரி. நாறுதுன்னு ஒரு வார்த்த சொல்லு. மூச்சு முட்டுதுன்னு சொல்லு. பேஜாரு கீதுன்னாவது சொல்லுக்கா!"

மைக் என் கைக்கு வந்தது. கூடமே என்னைப் பார்த்தது. எழுந்து நின்றேன்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றேன்.

உட்கார்ந்துவிட்டேன்.

வியாழக்கிழமை செல்வி மாதவரத்துக்கே கிளம்பினாள். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணை மாமியார் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய தலைகுனிவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? மல்லிகா பையை ஆட்டோவில் வைத்தாள். நான் வாசலில் நின்றேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீ மருவாதி தெரிஞ்ச பொம்பளக்கா" என்றாள் மல்லிகா. "உன் மருவாதிக்கு எம் பொண்ணு வூட்ட வுட்டுப் போவுது. நல்லா பாத்துக்கினு இரு."

அடித்திருந்தால்கூடத் தேவலை.

வெள்ளிக்கிழமை நானே கம்பெனிக்குப் போனேன். முதல் தடவையாகத் தனியாக. செக்யூரிட்டி ஒரு மணி நேரம் உட்கார வைத்தார். ஆபீசர் சிரித்த முகத்தோடு வந்தார்.

"தம்பி, அந்த நோட்டைக் குடுங்க. திருத்தித் தரேன்."

"அது இப்ப டாக்குமென்ட்மா. அடிச்சுத் திருத்தக் கூடாது."

"தப்பா எழுதிட்டேன் தம்பி."

"என்ன தப்பு?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். என்னையும் அவரையும் தவிர அங்கே யாரும் இல்லை.

"கையெழுத்து சரியில்லை" என்றேன்.

"அழகான கையெழுத்தும்மா!" என்று சொல்லி, கேட் வரைக்கும் கூடவே வந்து வழியனுப்பினார்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். 'நம்ம உறவு' என்று அட்டையில் போடுகிறார்கள். உறவென்றால் எது? நாத்தனாரை நாம் திட்டாத நாள் உண்டா? மச்சானோடு சண்டை போடாத விசேஷம் உண்டா? காலையில் மண்ணை வாரித் தூற்றிவிட்டு, சாயந்திரம் மீன் குழம்புக் கிண்ணத்தை நீட்டுகிறோமே... அதுதானே உறவு? திட்ட முடியாதவர் உறவுக்காரர் இல்லை. விருந்தாளி. எங்கள் மதிலை ஒட்டி இத்தனை வருஷமாக ஒரு விருந்தாளி குடியிருக்கிறார். நாங்கள் டீ கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அதிலும் மல்லிகாவாவது கேட்டில் போய்க் கத்தினாள். நான்தான் வாசனை என்று எழுதிக் கொடுத்தேன். என்னை ஒரு வார்த்தை சுட்டது நிஜம். அதற்காக டேங்குக்கும் சுடும் என்று நினைத்தேனே, எனக்கு எங்கே போயிற்று புத்தி? வயிற்றுப்பிள்ளைக்காரியின் வயிற்றைவிட அந்த டேங்கின் மனசு எனக்குப் பெரிதாகப் போய்விட்டது.

நோட்டில் திருத்த முடியாது. இங்கே, பேப்பரில் முடியும். எழுதுகிறேன்.

நாறுகிறது. காலையில் நாறுகிறது. மழை விட்ட அன்றைக்கு அதிகமாக நாறுகிறது. செல்வி அதனால்தான் போனாள். டேங்குக்கு மூடி வேண்டும்.

இதை அனுப்புவதற்கு முன்னால் மல்லிகா வீட்டுக்குப் போய் முழுசாகப் படித்துக் காட்டினேன். என்னோடு பேச்சு இல்லை. ஆனாலும் 'போ' என்று சொல்லவில்லை. நிமிர்ந்து பார்க்காமல் மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடித்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அல்லாம் சர்தான். கம்பெனி பேரு எங்க போட்டுக்கீறக்கா?"

தாளைத் திருப்பிப் பார்த்தேன்... பின்பக்கமும் இல்லை.