எடைமேடையில் நின்றவர்

எங்கள் மாதாகோயில் பங்கில் கல்யாணம் நிச்சயமானவர்களுக்கு ஒரு வகுப்பு நடத்துவார்கள். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் அதில் உட்கார்ந்து எழுந்தாக வேண்டும். ஜெபத்தைப் பற்றிப் பங்குச்சாமியார் பேசுவார். உடல்நலத்தைப் பற்றி ஒரு டாக்டர் பேசுவார். கடைசியில், எல்லோருக்கும் பசி வந்து கண்கள் வாசல் பக்கம் போகும் நேரத்தில், 'திருமணமும் வேலையும்' என்று ஒரு தலைப்பு வரும். இந்த முறை அதைப் பேச சிஸ்டர் என் கணவரைக் கூப்பிட்டார்.

"எப்பவும் ரிட்டையரானவங்களாவே பேசுறாங்க. பசங்க தூங்கிருதுங்க. நீங்க நேத்துத்தான் கல்யாணம் முடிச்ச மாதிரி இருக்கீங்க, வந்து பேசுங்க" என்றார் சிஸ்டர். இவரும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டார். அந்த வாரமே கோயம்புத்தூரிலிருந்து ஓர் அழைப்பு வரும் என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

கல்யாணத்துக்கு முன் இவர் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வடிவமைப்புப் பிரிவில் இருந்தார். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், கடற்கரைக் கிராமம். நான் திண்டுக்கல்லில் எடைமேடைகளைப் பழுதுபார்க்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் பொறியாளர். லாரியை அப்படியே ஏற்றி நிறுத்தி எடை பார்க்கும் மேடைகள்தான். வத்தலக்குண்டு ரோட்டில், பழனி ரோட்டில், ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டிகளில் எங்கே எடை தப்பினாலும் எனக்குத்தான் போன் வரும். அந்த வேலையை விட்டு வர எனக்கு மனமில்லை என்று பெண் பார்க்க வந்தபோதே சொல்லிவிட்டேன். அப்படியானால் நான் வருகிறேன் என்று இவர் வந்துவிட்டார். இப்போது ஒரு பாலிடெக்னிக்கில் இயந்திர வரைபடம் சொல்லிக்கொடுக்கிறார். எங்கள் வாடகை வீட்டிலிருந்து இரண்டு தெரு தாண்டினால் என் அம்மா வீடு.

இது அவருடைய பெரியப்பாவுக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் இவரைத் தேடி வந்து உட்கார்ந்துகொள்வார்.

"ஏலே, இன்னும் பொண்டாட்டி ஊர்லதான் இருக்கியா?"

"ஆமா பெரியப்பா."

"சுதந்திரம் வேணும்னா சொல்லியனுப்பு. ஆள் கூட்டிட்டு வாரேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் சுபாவம். கடைக்குப் போனாலும் சரி, கவலைப்பட்டாலும் சரி, முதலில் இது, அடுத்தது இது என்று மனதுக்குள் அடுக்கிக்கொள்வேன். என் கணவர் எனக்காக விட்டுவந்தவை என்று ஓர் அடுக்கு என்னிடம் எப்போதும் தயாராக இருந்தது. பெரிய கம்பெனி வேலை. அங்கே சேர்ந்து கிரிக்கெட் ஆடிய நண்பர்கள். கடல் மீன். எங்கள் ஆத்தூர் அணை மீனை அவர் வாயில் வைத்ததும் முகம் போகும் போக்கை நீங்கள் பார்க்க வேண்டும். அந்த அடுக்குக்கு ஈடுகட்ட நானும் சில வழக்கங்களை வைத்திருந்தேன். கிறிஸ்துமஸுக்கு அவர் வீடு. குழம்பில் பெரிய துண்டு அவர் தட்டுக்கு. எந்த வாக்குவாதத்திலும் முதலில் நான் விட்டுக்கொடுத்துவிடுவது.

வியாழக்கிழமை சாயந்திரம் அவருடைய பழைய மேலாளர் பேசினார். வடிவமைப்புப் பிரிவுக்கே தலைமை, உடனே வர முடியுமா என்று கேட்டாராம். இவர் என்னிடம் மறைக்கவில்லை. போனை வைத்ததும் அடுப்படி வாசலில் வந்து நின்று சொன்னார்.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"யோசிச்சுச் சொல்றேன்னேன். ஞாயித்துக்கிழமை கிளாஸ் முடியட்டும்மா. ரெண்டையும் சேத்து யோசிக்க எனக்குத் தலை இல்ல."

"உங்களுக்கு எது பிடிக்குதோ அதைச் செய்யுங்க" என்றேன். இது நான் எப்போதும் சொல்வது. சொல்லிவிட்டு முள்ளங்கியை நறுக்கத் தொடங்கினேன். அந்த முள்ளங்கி ஏற்கெனவே பாதி நறுக்கப்பட்டிருந்தது. ஒரு பொருளைக் குறுக்கே வெட்டினால் உள்ளே எப்படித் தெரியும் என்று பையன்களுக்குக் காட்ட இவர் வீட்டிலிருந்து காய்கறி எடுத்துப்போவார். காலையில் வரைபட வகுப்புக்குப் போகும் முள்ளங்கி, மாலையில் சாம்பாருக்குத் திரும்பி வரும்.

எங்கள் வீட்டில் ஜெபமாலை முடிந்ததும் ஆளுக்கொரு மன்றாட்டைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அம்மா வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த வழக்கம் அது. அம்மாவின் முழங்கால், பக்கத்து வீட்டுப் பையனின் பரீட்சை, என் வண்டியின் பிரேக், எல்லாம் அதில் வரும். அந்த வியாழக்கிழமை அவர் முறை வந்தபோது, "நான் மனசுக்குள்ள சொல்லிட்டேன்" என்றார். நானும் அப்படியே சொன்னேன். வெள்ளிக்கிழமையும் அதேதான். ஒரே அறையில், ஒரே படத்துக்கு முன்னால், இரண்டு பேரும் இரண்டு இரகசியங்களோடு சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தோம்.

அவர் போக விரும்பினால் நானும் போகத்தான் வேண்டும். கோயம்புத்தூரில் எனக்கு வேலை கிடைக்காமல் போகாது. ஆனால் இங்கே ஒவ்வொரு மேடையின் குணமும் எனக்குத் தெரியும். எது மழைக்குப் பிறகு எடையைக் கூட்டிச் சொல்லும், எதன் வயரை எலி கடிக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதைவிட, எனக்காக அவர் போகாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பெரிய பயம். என் அடுக்கில் இன்னொன்று ஏறும். அதற்கு ஈடாக எந்தக் குழம்பில் எந்தத் துண்டை எடுத்து வைப்பேன்?

சனிக்கிழமை வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு தேங்காய் மண்டியின் மேடையைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. எடைக்கல் ஏற்றி இறக்கும் ஆட்கள் இருவரும் உறவுக்காரர் கல்யாணம் என்று நின்றுவிட்டார்கள். இவருக்கு விடுமுறை. "நான் வாரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

மேடையைச் சரிபார்ப்பது எளிய காரியம்தான், இடுப்புத்தான் போகும். இரும்பு எடைக்கற்களை ஒரு மூலையில் அடுக்கி எடை பார்ப்போம். பிறகு அடுத்த மூலை, அதற்கடுத்த மூலை. எந்த மூலையில் வைத்தாலும் ஒரே எடை காட்ட வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் காலி மேடையில் சைபர் வைத்துக்கொள்ள வேண்டும். மேடையின் ஓரச் சந்தில் தேங்காய் நாரும் சரளையும் சிக்கியிருந்தால் மேடை அசையாது. இருவரும் அதைச் சுத்தம் செய்தோம். முடிந்தது என்று நினைத்துப் பக்கத்து அறைக்குள் போய், எடை காட்டும் பெட்டியில் சைபர் பொத்தானை அழுத்தினேன். பளிச்சென்று சைபர் வந்தது. மண்டி முதலாளி தந்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கழித்தல் எழுபது கிலோ என்று காட்டியது.

வயரைப் பார்த்தேன். இணைப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஈரம் இல்லை, எலி இல்லை. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஏம்மா, ஒங்க வீட்டுக்காரரு அந்தக் கடைசி மூலையில குத்தவச்சு நார் உருவிக்கிட்டு இருந்தாரே. இப்பத்தான எறங்கிப் போறாரு."

அறையின் ஜன்னலிலிருந்து அந்த மூலை தெரியாது. ஆள் இருப்பதைப் பார்க்காமல், அவரையும் சேர்த்துச் சைபர் வைத்திருக்கிறேன். அவர் இறங்கியதும் மேடை அவரைக் கழித்துக் காட்டுகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்கூடச் செய்யக்கூடாத தப்பு.

முதலாளிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அம்புட்டுப் பெரிய மனுசன் நிக்கிறது தெரியலயா தாயி? மெசினுகிட்டச் சொல்லி வைங்க, அவரு உங்க புருசன்னு."

இவர் வந்து பெட்டியைக் குனிந்து பார்த்தார். "எழுபதா? வீட்டு மெஷின்ல அறுபத்தெட்டுதான இருந்தேன்?"

"இது பத்துப் பத்தாத்தான் எண்ணும். அறுபத்தெட்டெல்லாம் இதுக்குத் தெரியாது" என்றேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இவரோ அந்தக் கழித்தல் எழுபதைப் பார்த்துக்கொண்டே நின்றார். முகத்தில் ஏதோ ஒரு சந்தோஷம். வீடு திரும்பும் வழியெல்லாம் அது என்னவாக இருக்கும் என்று யோசித்தேன். இறங்கிப் போனால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டாரோ என்று தோன்றியதும் யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து வகுப்பு தொடங்கியது. பூசையில் உட்காருவதுபோலவே மாப்பிள்ளைகள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். நேரம், பணம், மரியாதை என்று மூன்று தலைப்புகளை அவருக்கு நான்தான் எடுத்துக்கொடுத்திருந்தேன். முதல் இரண்டையும் ஒழுங்காகப் பேசினார். மூன்றாவதற்கு வரும்போது முன்வரிசை மாப்பிள்ளை ஒருவர் கை தூக்கினார்.

"சார், எனக்குப் பாத்திருக்க பொண்ணு இங்க டீச்சர். நான் திருப்பூர். அந்தப் பிள்ளைக்காக நான் இங்க வந்தா சொந்தக்காரங்க பேச மாட்டாங்களா?"

பெண்கள் பக்கத்தில் ஒரு தலை சட்டென்று குனிந்தது. அந்தப் பெண்தான் டீச்சர் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"பேசுவாங்க தம்பி" என்றார் இவர். "எங்க பெரியப்பா எனக்குச் சுதந்திரம் வாங்கித் தரக் காத்திட்டு இருக்கார். அது ஒரு பந்தி நேரம்தான், பாயசம் வந்தா மறந்துருவாங்க. எனக்கு அது கஷ்டமா இல்ல. கஷ்டம் வேற இடத்துல வந்துச்சு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நான் வந்தது எங்க வீட்டம்மாவுக்காகத்தான். அதை இவங்க மறக்கவே மாட்டேங்கறாங்க. இந்த மனுசன் எம்புட்டை விட்டுட்டு வந்தாரு, எம்புட்டை விட்டுட்டு வந்தாருன்னு தினமும் என்னை எடை போட்டுட்டே இருக்காங்க. மீன்ல பெரிய துண்டு எனக்கு. சண்டைல ஜெயமும் எனக்கு. ரெண்டு வருசத்துல ஒரு சண்டை முழுசாப் போட்டதில்ல தம்பி நாங்க. அணை மீன் எனக்குப் பிடிக்கவும் இல்ல, அதுல பெரிய துண்டு வேற."

மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு முந்தின நாள் கதையைச் சொன்னார். மூலையில் குத்தவைத்தது, நான் பார்க்காமல் பொத்தானை அழுத்தியது, கழித்தல் எழுபது.

"எங்க வீட்டம்மாவுக்கு அது தப்பு. மூஞ்சி சிவந்துபோச்சு. எனக்கு என்னமோ அவ்வளவு சந்தோஷம். முதல் தடவையா நான் நிக்கிறதையே கவனிக்காம சைபர் போட்டிருக்காங்க. நானும் அந்த மேடைல ஒரு பலகை மாதிரி. வீட்ல அப்படி இருந்தாப் போதும் தம்பி. வந்தவன் வந்துட்டான். அதுக்கப்புறம் அவனையும் சேத்துத்தான் சைபர்."

சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சார், வேலையைப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே?"

"சொல்லிடறேன் சிஸ்டர். பழைய கம்பெனில திரும்பக் கூப்பிட்டிருக்காங்க. மூணு நாளா யோசிச்சேன். போகல." அவர் என் பக்கம் பார்க்கவில்லை, அந்த மாப்பிள்ளையைப் பார்த்தே சொன்னார். "இவங்களுக்காக இல்ல. அது நல்லாக் கேட்டுக்கங்க. வந்தது இவங்களுக்காக, இருக்கறது எனக்காக. அங்க பம்ப் வரைஞ்சேன். அது எந்தத் தோட்டத்துல தண்ணி எறைக்குதுன்னு எனக்குத் தெரியாது. இங்க ஒரு முள்ளங்கியை வெட்டிக் காட்டினதும், அதுவரை புரியாத பையன் ஒருத்தன் 'ஓ'ங்கறான். அந்த 'ஓ' எனக்கு அங்க கிடைக்கல."

எனக்கு அழுகை வரவில்லை. தோளிலிருந்து யாரோ பையை வாங்கிக்கொண்டதுபோல இருந்தது. மூன்று நாளாக, உண்மையில் இரண்டு வருடமாக, நான் கேட்கப் பயந்த கேள்விக்கு, பசியோடு உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தின் நடுவில் பதில் வந்துவிட்டது. எனக்காக இல்லையாம். அதைக் கேட்டு ஒரு மனைவி வருத்தப்பட வேண்டுமோ என்னவோ. எனக்கு நன்றாகப் பசித்தது.

வெளியே வேப்பமரத்தடியில் வண்டியை எடுக்கும்போது கேட்டேன். "முன்னாடியே என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, 'உங்களுக்கு எது பிடிக்குதோ அதைச் செய்யுங்க'ன்னுருப்ப. அதான் நாலு பேரு முன்னாடி சொன்னேன். கோவமா?"

"ஆமா" என்றேன். "என்னைப் பத்தி ஊர் முன்னால பேசினதுக்கு."

அவர் வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நெசமாவா?"

"நெசமாத்தான். சண்டையே போடலன்னீங்கல்ல?"

வீடு வரை போட்டோம். முழுச் சண்டை. நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய அணை மீன் குழம்பில் பெரிய துண்டை நானே எடுத்துக்கொண்டேன். "வெஞ்சனம் என்ன?" என்று கேட்டவருக்கு அப்பளம் வைத்தேன். மறுபேச்சில்லாமல் நொறுக்கிச் சாப்பிட்டார்.

சாயந்திரம் பழைய மேலாளரைப் போனில் கூப்பிட்டு, வர முடியாது என்று சொன்னார். மற்ற விஷயங்களைப் பேசிச் சிரித்ததுதான் அதிகம். பிறகு ஜெபமாலை சொன்னோம். முடிந்ததும் மன்றாட்டு.

"நன்றி" என்றேன், சத்தமாக. அதற்கு மேல் அடுக்க ஒன்றும் இல்லை.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எடைக்கல் தூக்குற ஆளுங்க ரெண்டு பேரும் அடுத்த சனிக்கிழமை தவறாம வேலைக்கு வரணும். இடுப்பு தாங்கல ஆண்டவரே."