உச்சிக்குழி மூடாத நாய்க்குட்டி

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில், ஒரு துணிப்பைக்குள்ளிருந்து சிவாவா நாய்க்குட்டியின் தலை எட்டிப் பார்த்ததுமே இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. மெக்சிகோவில் தோன்றிய இனம். உலகிலேயே மிகச் சின்ன நாய். இங்கே அதை மடியில் வைத்திருப்பவரோ குருவிகுளத்து ஆட்டுக்காரர். குட்டியின் உச்சந்தலையில், நோய் தீரும் என்று பூசுகிற கோயில் புற்றுமண் அப்பியிருக்கிறது.

“உச்சிக்குழி இன்னும் மூடல தம்பி. அதான் சாமிகிட்ட தூக்கிட்டு வந்தேன்.”

“இந்த இனத்துல நெறைய நாய்க்கு மூடவே மூடாது அண்ணாச்சி. அது நோயில்ல” என்று சொல்லிக்கொண்டே தொடுகிறேன். உடம்பு சில்லென்றிருக்கிறது. நான் நினைத்ததுபோல் குட்டி எட்டிப் பார்க்கவில்லை. தலை துவண்டு தொங்குகிறது.

“எப்ப சாப்பிட்டுச்சு?”

“நேத்து ராத்திரி. கும்பிட்டு வீடு போய்ச் சேருத வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் விரதம்லா. ஆட்டுக்குட்டி ஒரு நேரம் பட்டினி கெடந்தா செத்தா போவுது?”

இந்தக் கையளவு உடம்பில் பசியைத் தாங்கச் சேமிப்பு எதுவும் கிடையாது. சில மணி நேரப் பட்டினியே உயிரை எடுத்துவிடும். டீக்கடையில் சர்க்கரைத் தண்ணீர் வாங்கி ஈறில் தடவுகிறேன். நாக்கு அசையவில்லை.

“ஞாயித்துக்கெழம எம்மவ வாரா. அவ வளத்த குட்டி தம்பி. நா என்னத்தச் சொல்லுவேன்?”

குட்டியை என் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்துகிறேன். கால்நடை மருத்துவமனை வரைக்கும், விரலை நனைத்து நனைத்து ஈறில் தடவிக்கொண்டே போய்ப் பார்க்க வேண்டும்.