உமாராணி போட்ட வழி

சுவரிலிருந்து புறப்படும் கேபிளை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு உமாராணி நடக்கிறார். மேசைக்கு அடியில் குனிகிறார். அலமாரிக்குப் பின்னால் கையை விடுகிறார். மறுமுனை எந்தப் பெட்டியில் செருகியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மடிக்கணினியைத் திறப்பார். "கேட்டா எல்லாரும் ஓகேன்னுதான் சொல்வாங்க லா. நான் தொட்டுப் பாக்கணும்" என்பார்.

வயது நாற்பத்தாறு. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடம், உருப்பெருக்கியில் கண்ணை வைத்துச் கணினிச் சில்லுகளில் குறை கண்டுபிடித்தார். அந்தப் பிரிவை மூடியதும் நெட்வொர்க் படிக்கப் போனார். வகுப்பில் ஆசிரியரைவிட அவர்தான் மூத்தவர். இப்போது ஜித்ராவரை மோட்டார் சைக்கிளிலேயே போய் வேலை பார்க்கிறார். வேலை முடியும்வரை யார் தேநீர் கொடுத்தாலும் தொடமாட்டார்.

போன மாதம் திகாம் பத்து என்ற ஊரில் ஒரு ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அவரோடு போயிருந்தேன். வாரம் ஒருமுறை அலோர் ஸ்டாரிலிருந்து சிறுநீரக மருத்துவர் வீடியோவில் நோயாளிகளைப் பார்ப்பார். மூன்று வாரமாகக் குரல் மட்டும்தான் வந்தது, இரண்டு பக்கமும் படம் வரவில்லை. அன்று காலை, முருகையா என்ற நோயாளிக்கு ஊசி போடும் கை வீங்கியிருந்தது. மருத்துவர் பார்க்காமல் ஊசி குத்த முடியாது. பார்க்க முடியாவிட்டால் அவரை வண்டியில் ஏற்றி அலோர் ஸ்டாருக்கு அனுப்ப வேண்டும். ஏற்கெனவே அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டு கொம்பெனி வந்து பாத்துட்டாங்க அக்கா. ரவுட்டரு லாமா, பழசாயிடுச்சு, புதுசு போடணும்னு சொல்றாங்க" என்றார் நிலைய மேலாளர் ரோனால்ட்.

உமாராணி கேபிளைப் பிடித்து நடந்தார். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வெளிய நமக்கு ஒரே நம்பருதான் தம்பி. உள்ள நாப்பது போனு, கம்ப்யூட்டரு. யாரு எதைக் கேட்டாங்கன்னு ரவுட்டரு குறிச்சு வச்சிருக்கும். பதில் வந்தா குறிப்பைப் பாத்து ஆளுக்கு அனுப்பும். டாக்டரு குரல் அப்படித்தான் வருது. படம் வேற கதவுல வருது. அதுக்குக் குறிப்பு இல்ல. முன்ன வந்த யாரோ, அந்தக் கதவுல எது வந்தாலும் கவுண்டர் கம்ப்யூட்டருக்கு அனுப்புன்னு போட்டு வச்சிருக்காங்க."

"நாங்க இப்ப டேப்லெட்லதானே பேசறோம்?"

"அதான். கூப்பிடறது டேப்லெட்டு. படம் போறது கவுண்டருக்கு. அங்க யாரும் எடுக்காததால நம்ம படமும் அவருக்குப் போகல."

ரவுட்டரில் இருந்த அந்தப் பழைய விதியை அழித்தார். புதிதாக ஒன்று எழுதினார்: உள்ளேயிருந்து யார் மருத்துவரைக் கூப்பிடுகிறாரோ, அவருக்கு மட்டும், பேசி முடியும்வரை அந்தக் கதவு திறக்கட்டும். படம் வந்தது. ஆனால் துண்டு துண்டாக உடைந்தது. நோயாளிகளின் கைப்பேசிகளில் நாடகங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"வைஃபையை அடைச்சிடலாமா?" என்றார் ரோனால்ட்.

உமாராணி திரும்பிப் பார்த்தார். "நாலு மணி நேரம் அசையாம கெடக்கறாங்க தம்பி. பாக்கட்டும். ரெண்டாவது லைன் ஒன்னு சும்மாதானே இருக்கு?"

அவசரத்துக்கென்று வாங்கிய அந்த இணைப்பை யாரும் பயன்படுத்தியதில்லை. டேப்லெட் முதல் இணைப்பில் போகட்டும், கைப்பேசிகள் இரண்டாவதில் போகட்டும் என்று இன்னொரு விதி எழுதினார். மருத்துவரின் முகம் தெளிந்தது. தாதி டேப்லெட்டை முருகையாவின் கைக்கு நேரே பிடித்தார்.

"இன்னும் கிட்ட கொண்டாங்க" என்றது குரல். தாதி இன்னும் நெருக்கிப் பிடித்தார். "ரத்தம் கட்டல. வீக்கத்துக்கு மேல, ரெண்டு விரல் தள்ளிக் குத்துங்க."

இயந்திரம் ஓடத் தொடங்கியது. முருகையா கண்ணை மூடித் தலையைச் சாய்த்தார். பக்கத்துப் படுக்கையில் நாடகம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"புதுசு வேணாமா அக்கா?" என்று ரோனால்ட் மறுபடி கேட்டார்.

"இது நல்ல பெட்டி. சொல்றவங்க சரியா சொன்னா கேக்கும்."

கடைசியாக, விதிகளைச் சேமிக்கும் பக்கத்தைத் திறந்தார். ஒவ்வொரு விதிக்கும் ஒரு பெயர் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு வைப்பார்கள்; யார் எழுதியது என்று பிறகு தெரியாது. உமாராணி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். அடையாள அட்டையில் இருப்பதுபோல, அப்பா காளிதாசன் பெயரும் சேர, தன் முழுப் பெயரையும் பெரிய எழுத்துகளில் ஒவ்வொன்றாகத் தட்டினார்.