கார்டுக்குச் சேதாரம்

போன வருஷம் என் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. தோடும் தாய்மாமன் போட வேண்டியது. அந்தத் தாய்மாமன் என் கணவர். அவர் இருப்பதோ குவைத்தில், லீவும் கிடைக்கவில்லை. ஆள்தான் வரவில்லை, தோடாவது கனமாகப் போகட்டும் என்பதில் நானும் மாமியாரும் ஒரே கட்சி. அப்படி நாங்கள் ஒரே கட்சியில் இருப்பது அபூர்வம்.

விசேஷத்துக்கு முதல்நாள் காலையில் பொன்னமராவதிக்குப் பஸ் ஏறினோம். பஸ் ஸ்டாண்டு ஏடிஎம்மில் பணம் இல்லை. சாவகாசமாக ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். போனில் அனுப்பவும் எங்களுக்கு வழியில்லை. கணக்கில் பதிந்திருந்தது அவருடைய பழைய நம்பர். அவர் விமானம் ஏறிய கொஞ்ச நாளிலேயே அது செத்துவிட்டது. கையில் இருந்தது டெபிட் கார்டு ஒன்றுதான்.

நகைக்கடையில் ஒரு ஜோடித் தோடு பிடித்துப்போனது. மூன்று கல், நல்ல கனம். பக்கத்திலேயே அதே அச்சில் ஒற்றைக் கல் தோடு ஒன்று இருந்தது. அதை நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமியார் சேதாரத்தில் பேரம் பேசினார். சேதாரம் என்றால், நகை செய்யும்போது தேய்ந்துபோகிற பொன்னுக்காகப் பில்லில் சேர்ப்பது. கொஞ்சம் இழுத்துப் பேசித்தான் கடைக்காரர் இறங்கி வந்தார். கணக்கில் இருந்த பணத்துக்கு விலை சரியாக நின்றது. எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. கார்டை நீட்டினேன்.

"கார்டுங்களா? அப்ப ரெண்டு பர்சன்ட் சேரும்ங்க" என்றார் அவர்.

"அது எதுக்குப்பா?" என்று மாமியார் கேட்டார்.

"கார்டு தேய்க்கிறதுக்கு, ஆத்தா. இதையும் ஒரு சேதாரம் மாதிரி வச்சுக்கங்க."

சுலபமாகப் புரியட்டும் என்று சொன்னார், பாவம். மாமியாருக்கு அது வேறு விதமாகப் புரிந்தது. கார்டை என் கையிலிருந்து பிடுங்கி, ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏத்தா, ஒவ்வொரு தடவையும் இது தேயுதா? இம்புட்டு நாளாக் கண்ட கடையில எல்லாம் எம்மவன் பணத்தைத் தேச்சுக்கிட்டுத்தான் இருந்தியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கார்டு தேயாது என்று மாமியாருக்குச் சொல்வதா, கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பதா? கடைக்காரரையே பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, டெபிட் கார்டுக்குத் தனியா வாங்கக் கூடாதுன்னு எங்க மகளிர் குழுக் கூட்டத்துல பேங்க்காரர் சொன்னாருங்க."

அவர் மறுக்கவில்லை. "சொல்லியிருப்பாருங்க. உங்ககிட்ட வாங்கக் கூடாது, சரி. எங்கிட்ட பேங்க் பிடிக்கிறாங்கள்ல? சில கார்டுக்கு ஒண்ணும் இல்ல, உங்க கார்டு மாதிரி சிலதுக்குப் பிடிக்கிறாங்க. சேதாரத்தை வேற ஆத்தா குறைச்சிட்டாங்க. இதுல எனக்கு என்னங்க நிக்கும்?"

அவர் பக்கத்து நியாயம் எனக்குப் புரிந்தது. புரிந்ததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அந்த ரெண்டு பர்சன்ட் கணக்கில் இல்லை. விடிந்தால் விசேஷம். மாமனும் வரவில்லை, தோடும் தேறவில்லை என்று பந்தியில் பேச்சு வந்தால் அது என் கணவர் காதுக்கும் போகும். வேறு வழி தெரியாமல் அவருக்கு வீடியோ கால் போட்டேன்.

வேலையிடத்தில் ஏதோ ஒரு நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கழற்றி வைத்த ஹெல்மெட்டின் தடம் நெற்றியில் பதிந்திருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்குப் போயா யோசிக்கிற? பெருசையே எடுங்க. மிச்சத்தை அடுத்த சம்பளத்துல தர்றோம்னு கடைக்கார அண்ணன்கிட்டச் சொல்லு. வெள்ளிக்கிழமை லீவு அன்னைக்கும் வேலைக்குப் போறேன், சரியாப் போயிரும்" என்றார்.

மாமியார் போனை வாங்கினார். வழக்கமாகத் தூரத்தில் பிடித்துக்கொண்டு கத்துவார். அன்று முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பேசாமலே இருந்தார்.

"ஆத்தா, தெரியுதா? கேக்குதா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"தெரியுதுப்பா. நீ சாப்பிடு" என்று சொல்லிப் போனை என்னிடம் கொடுத்தார்.

பிறகு மூன்று கல் தோட்டைக் கடைக்காரர் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"அந்த ஒத்தக் கல்லையே குடுப்பா. எம்புள்ள தேஞ்சது போதும்."

கடைக்காரர் சின்னத் தோட்டைத் தராசில் வைத்தார். பில்லில் அந்த ரெண்டு பர்சன்ட் இல்லை. நான் பின் நம்பரை அழுத்தினேன். கண் கலங்கியிருந்ததால் முதல் தடவை தப்பாகிவிட்டது.

"மெதுவாப் போடுத்தா" என்றார் மாமியார்.