எதிரணியின் தமிழ்

சென்ற வருடம் எங்கள் மாகாண உதைபந்தாட்ட அணி நேபாளத்துக்குப் போனது. பக்கத்து நாடுகளின் மாகாண, மாநில அணிகளுக்கான போட்டி அது. விளையாட்டையே தொழிலாக வைத்திருக்கிற எவரையும் சேர்க்கக் கூடாது என்பது நிபந்தனை. எங்களில் அப்படி யாரும் இல்லை. கேப்டன் பெல்மதுளைப் பக்கம் மாணிக்கக் குழியில் இறங்குகிறவர். எனக்கு முன்னால் பின்வரிசையில் நின்றவர்களில் ஒருவர் பஸ் கண்டக்டர். நான் எஹலியகொடைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். காலையில் வெட்டி, பாலை ஊற்றிக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து இரத்தினபுரி மைதானத்துக்குப் போவேன். நான்தான் கோல்காப்பாளர். அணியில் தமிழன் என்று இருந்ததும் நான் ஒருவன்தான்.

முதல் ஆட்டம் யாருடன் என்று பயிற்சியாளர் போனைப் பார்த்து வாசித்தார். தமிழ்நாட்டின் தென்மாவட்ட அணி. தோற்றால் அன்றே வெளியே. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மல்லி, உன்னோட ஆக்கள்டா" என்று கேப்டன் சிரித்தார். மல்லி என்றால் தம்பி. நான் அவரை அய்யே, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவேன். ஏழு வருடப் பழக்கம். சிரித்து முடித்ததும் என்னைத் தனியாக அழைத்துப் போய்ச் சிங்களத்தில் சொன்னார்: "நீ தமிழன்னு அவங்களுக்குத் தெரியாது. ஜேர்சியில நம்பர் மட்டும்தான் இருக்கு. ஒரு தமிழ் வார்த்தையும் உன் வாயால வரக் கூடாது. காதை மட்டும் தொறந்து வச்சுக்க."

நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. வீட்டில் சொன்னபோது மனைவி நம்பவில்லை. "நீங்களா? தூக்கத்துலயே பந்து பந்துன்னு கத்துற ஆளு. வாய மூடிக்கிட்டு இருப்பீங்களாக்கும்" என்றாள்.

விமானத்தில் ஏறியதிலிருந்து என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த கண்டக்டர் இரண்டு தடவை முழங்காலைப் பிடித்து அமுக்கினார். அவர் கையை எடுத்ததும் மறுபடி ஆடியது.

இரண்டு அணிகளையும் ஒரே விடுதியில் தங்க வைத்திருந்தார்கள். ஆட்டத்தன்று காலை சாப்பாட்டு மண்டபத்துக்குப் போனால், பின் மேசை முழுக்கத் தமிழ். எங்கள் தோட்டத்துப் பேச்சு மாதிரி இல்லை, வேகமாக, இழுத்து இழுத்துப் பேசினார்கள். ஆனால் ஒரு சொல்கூட விடுபடாமல் புரிந்தது. ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்த இடத்தில் தமிழ் கேட்கிறது, திரும்பிப் பார்க்கக்கூட முடியாமல் பாண் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு இருக்கிறேன். ஒருவர் என் மேசைக்கு வந்து உப்பைக் காட்டி, "எடுத்துக்கிடட்டா?" என்றார். நான் புரியாதவன் மாதிரி விழித்தேன். அவர் கையால் சைகை செய்து, சிரித்து, எடுத்துக்கொண்டு போனார். எனக்கு முகம் சுட்டது.

அதே ஆள் தன் மேசைக்குப் போய், பக்கத்தில் இருந்தவரிடம் குரலைத் தணித்துச் சொன்னது என் காதில் விழுந்தது. "வலது முட்டி இன்னைக்கும் வீங்கிருக்குல. கோச்சுகிட்ட சொல்லிராத. சொன்னா உக்கார வச்சிருவாரு. இதுக்காவ ஒரு வருசம் காத்துக் கிடந்தேம்லா."

நான் எழுந்து வெளியே போனேன். முற்றத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். அவர்கள் மைதானத்தில் போடும் திட்டத்தைக் கேட்பது ஒன்று. சாப்பாட்டு மேசையில் ஒருத்தர் தன் கூட்டாளியிடம் சொன்ன வலி வேறு. அது நன்றாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டே, பஸ்ஸில் ஏறும்போது கேப்டனிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், "எந்தக் கால்?" என்று மட்டும் கேட்டார்.

முதல் பாதி முழுக்க எங்கள் திட்டம் பலித்தது. அவர்கள், "ஏலே, வலப்பக்கம் தள்ளு" என்று கத்தும்போதே நான், "வமட்ட! வமட்ட!" என்று சிங்களத்தில் எங்கள் ஆட்களை எங்களுடைய இடப்பக்கம் விரட்டினேன். பந்து வருவதற்கு முன்னாலேயே எங்கள் ஆள் அங்கே நின்றான். அவர்களுக்கு எரிச்சல் ஏறியது. "இவனுவளுக்கு எப்படித் தெரியிது?" என்று ஒருவர் என் காதுபடவே கேட்டார். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் நாங்கள் ஒரு கோல் போட்டோம். எல்லோரும் ஓடிப் போய்க் கட்டிப் பிடித்தார்கள். நான் என் கோலிலேயே நின்று கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன்.

கேப்டன் அந்த முட்டிக்காரரை விடவில்லை. அடிக்கவில்லை, தள்ளவுமில்லை. நடுவர் கூப்பிட ஒரு காரணமும் கொடுக்கவில்லை. பந்து அவரிடம் போகும்போதெல்லாம் வலது கால் மேல் பாரம் போட்டுத் திரும்ப வேண்டிய பக்கமாகவே மடக்கினார். ஒவ்வொரு தடவையும் அந்த ஆளின் முகம் சுருங்கியது. நான் இருந்த இடத்திலிருந்து அது தெளிவாகத் தெரிந்தது.

இரண்டாம் பாதியில்தான் எல்லாம் கெட்டது. வலது ஓரத்திலிருந்து உயரமாக ஒரு பந்து வந்தது. நானும் கண்டக்டரும் ஒரே நேரத்தில் அதற்குப் போனோம். அந்த ஒரு நொடியில் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"விடுங்க, நான் புடிக்கிறேன்!"

கண்டக்டருக்குத் தமிழ் தெரியாது. அவர் விடவில்லை. இருவரும் மோதி விழுந்தோம். பந்து நடுவில் விழுந்து உருண்டது. அவர்களில் ஒருவர் ஓடி வந்து காலை வைத்தார், கோல்.

நான் மண்ணில் கிடந்தபடி நிமிர்ந்தேன். அவர்களின் கேப்டன் கோல் போட்டவரைத் தூக்கப் போகாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடப்பாவி," என்றார். "நம்மாளாடே நீ!"

அதற்குப் பிறகு அவர்கள் வாய் திறக்கவில்லை. ஒருவர் காதில் ஒருவர் சொல்லி, மைதானமே ஊமையாகிப் போனது. எல்லாம் கைச்சைகை. கொஞ்ச நேரத்தில் முட்டிக்காரர் நடுவில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் தோளில் தாங்கி வெளியே கொண்டுபோனார்கள். பெஞ்சிலிருந்து ஒல்லியான ஒருவன் அவருக்குப் பதிலாக ஓடி வந்தான்.

ஒன்றுக்கு ஒன்று. பெனால்டிக்குப் போனது.

நாலாவது உதைவரை சமம். ஐந்தாவதை எங்கள் ஆள் கம்பத்துக்கு மேலே அடித்தார். அவர்களின் ஐந்தாவதை உதைக்க வந்தவன் அந்த ஒல்லிப் பையன். பந்தை வைத்துவிட்டுக் குனிந்தபடி வாய்விட்டே சொல்லிக்கொண்டான். எனக்குக் கேட்டது.

"சோத்தாங்கைப் பக்கம், கீழ. சோத்தாங்கைப் பக்கம், கீழ."

அவனுடைய வலது, என்னுடைய இடது. என் மண்டை கொதித்தது. எனக்குத் தமிழ் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியும். பிறகு ஏன் எனக்குக் கேட்கிற மாதிரி சொல்கிறான்? ஏமாற்றத்தான். இல்லை, ஏமாற்றுகிறான் என்று நான் நினைக்க வேண்டும் என்பதற்காக உண்மையையே சொல்கிறானோ? விசில் ஊதினார்கள். நான் என் வலப்பக்கம் பாய்ந்தேன். பந்து அவன் சொன்ன இடத்துக்கே, சொன்ன மாதிரியே, கீழாகப் போனது.

அவர்கள் எல்லோரும் அவன் மேல் விழுந்தார்கள். எழுந்து வந்தவனிடம் நான் நேராகவே கேட்டேன். "தம்பி, வேணும்னுதான் சத்தமா சொன்னீங்களா?"

அவன் கண் விரிந்தது. "அண்ணே, நீங்க தமிழா?"

அவனிடம் யாரும் சொல்லவே இல்லை. பெஞ்சிலிருந்து அவசரமாக வந்தவன், பயத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

விடுதிக்குத் திரும்ப பஸ்ஸில் ஏறினோம். பின் சீட்டிலிருந்து ஒருவன் சிங்களத்தில் கேட்டான்: "அவன் என்ன சொன்னான்னு உனக்குக் கேட்டிருக்குமே?"

"கேட்டது" என்றேன்.

"கேட்டும் மத்தப் பக்கம் பாய்ஞ்சியா?"

அவன் கேட்டதற்கு உள்ளே இன்னொரு கேள்வி இருந்தது. எனக்குப் புரிந்தது, பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. கேப்டன் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "நானா இருந்தாலும் அதைப் பொய்யுன்னுதான் நினைச்சிருப்பேன். வாயை மூடு." அதோடு அந்தப் பேச்சு நின்றது. எனக்குள் நிற்கவில்லை. நான் வேண்டுமென்றே விட்டதாக எத்தனை பேர் நினைத்திருப்பார்கள் என்று ஒவ்வொரு தலையின் பின்புறத்தையும் எண்ணிக்கொண்டே வந்தேன்.

விடுதிக்கு வந்ததும் குளிக்கக்கூட இல்லை. அவர்களின் அறைப் பக்கம் போனேன். முட்டிக்காரர் வராந்தாவில் காலை நாற்காலியில் நீட்டி, ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு இருந்தார்.

"அண்ணே, காலையில நீங்க பேசினது எனக்கு வெளங்கிச்சுங்க. எங்க கேப்டன்கிட்ட சொன்னது நான்தான்."

அவர் ஐஸ் கட்டியை முட்டியில் நகர்த்தி வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உப்பு எடுக்க வந்தப்பவே ஒரு வணக்கம் சொல்லிருந்தீங்கன்னா, நான் வேற எங்கயாவது போய்ப் பேசிருப்பேம்லா" என்றார். பிறகு பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "இரிங்க. எந்த ஊரு?"

"இரத்தினபுரிப் பக்கம்ங்க. தோட்டத்துல இருக்கோம்."

"தோட்டமா? எத்தனை ஏக்கர்?"

"ஐயோ, என்னோடது இல்லீங்க. கம்பெனித் தோட்டம். நாங்க அங்க வேலை செய்யிறவங்க. எங்க தாத்தாவோட அப்பா காலத்துல ஒங்க பக்கத்துல இருந்துதான் வந்தாங்களாம்."

"எந்த ஊர்லேர்ந்து?"

எனக்குத் தெரியவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பி, மறுநாளே பால் வெட்ட மலைக்குப் போய்விட்டேன். கத்தி மரத்தில் ஓடும்போதெல்லாம் வலமா இடமா என்று மனம் பாய்ந்துகொண்டே இருந்தது. இரண்டு வாரம் மைதானத்துக்குப் போகவில்லை. மூன்றாவது வாரம் கேப்டன் போன் பண்ணி, "கோல் காலியாக் கெடக்கு, வர்றியா இல்லையா?" என்றார். போனேன். பின்வரிசைக்காரர்கள் நால்வரையும் நிறுத்தி, தமிழில் 'விடு' என்றால் என்ன என்று என்னிடம் கேட்டு அவரே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள், பின் சீட்டில் இருந்து கேட்டவனும் சிரித்தான். அவன் சிரிப்பை மட்டும் நான் கொஞ்சம் கூடுதலாகக் கவனித்தேன்.

முட்டிக்காரர் வாரம் ஒரு தடவையாவது வட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்புகிறார். மகளின் பிறந்தநாள், கடற்கரை, வாங்கிய மீன். நானும் பதிலுக்கு மழையையும் மரத்தையும் படம் பிடித்து அனுப்புகிறேன். முட்டி எப்படி இருக்கிறது, திரும்ப விளையாடுகிறாரா என்று பல தடவை டைப் செய்து அழித்துவிட்டேன். அவராகவும் சொல்லவில்லை. அவர் அனுப்பும் படங்கள் ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, எந்தக் காலை ஊன்றி நிற்கிறார் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.